பாளையத்து முஹர்ரமும் பினாங்கின் போரியாவும்: கடல் கடந்த ஓர் ஆட்டக் குழுவின் வரலாறு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரிலும் அதைச் சூழ்ந்த கம்பம் எனப்படும் குடியிருப்புகளிலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்டு வரும் போரியா, இன்று மலாய் மக்களின் கலையாக அறியப்படுகிறது. மலாய் மொழியில் பாடப்படுகிறது. மலாய் அரங்கின் வரலாற்றை எழுதுவோர் அதற்குத் தனி இடம் ஒதுக்குகின்றனர். ஆயினும் அதன் தொடக்கத்தைத் தேடிச் செல்பவர் எவராயினும், சென்னை மாகாணத்தின் படைப் பாளையங்களையும் சோழமண்டலக் கரையின் துறைமுகங்களையும் தொடாமல் அத்தேடலை முடிக்க இயலாது. கடல் கடந்த தமிழர் வரலாறு பேசப்படும்போது கோயில்களும் பள்ளிகளும் இதழ்களும் தொழிற்சங்கங்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. தமிழ் மொழியைச் சுமக்காமல் போனதாலேயே போரியா போன்ற கலைகள் அவ்வரலாற்றின் கணக்கில் சேராமல் விடுபட்டுவிட்டன. அந்த விடுபாட்டைச் சரிசெய்யும் முயற்சியாகவே இவ்வுரை அமைகிறது.

போரியா என்பது பெரும்பாலும் இரு பகுதிகளாக நிகழும் ஒரு குழு ஆட்டம். முதலில் நகைச்சுவை மிகுந்த ஒரு சிறு நாடகம் நடிக்கப்படும். அது முடிந்ததும் குழுவினர் அனைவரும் ஒரே வகை உடையில் வரிசையாக நின்று ஆட, தலைமைப் பாடகர் ஒருவர் நான்கடிச் செய்யுள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவார். ஒவ்வொரு செய்யுள் முடிவிலும் தொடக்கத்தில் பாடிய ஒரே செய்யுளைக் குழுவினர் திரும்பப் பாடுவர். போரியா என்ற பெயர் பாயைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாள்களுக்கு உரியதாக இருந்த இவ்வாட்டம், அந்த மாதத்திலிருந்தும் அதற்குரிய துக்கத்திலிருந்தும் முற்றாகப் பிரிந்து, இன்று எந்த விழாவிலும் மேடையேறக்கூடிய பொதுக் கலையாகிவிட்டது. ஒரு கலை அயல் மண்ணில் வேரூன்றுவதற்கு, அதைக் கொண்டுசென்றவர்களின் மொழியும் வழிபாடும் உடன் நிலைக்க வேண்டும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பினாங்கில் நடந்தது வேறு: அங்கே போரியாவின் ஆயுளை முடிவு செய்தது, ஆடும் குழு கட்டப்பட்டிருந்த முறையே.

முதலில், அக்குழுக்களை உண்டாக்கிய மக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்கைக் கைக்கொண்டபின், அத்துறைமுகத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களுள் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய கரையூர்களிலிருந்து துணியும் உப்பும் ஏற்றி வந்த மரக்காயர்களும், படகோட்டிகளும், கடைக்காரர்களும், கூலியாள்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களின் தலைவராக ஏற்கப்பட்ட காதர் முகைதீன் பெயரோடு தொடர்புடைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டில் தோன்றியது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகை நினைவாக எழுந்த தர்காவும் ஏறத்தாழ அக்காலத்தைச் சேர்ந்ததே. இவ்வணிகச் சமூகத்தோடு வேறு இரு கூட்டத்தாரும் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தனர். ஒரு கூட்டத்தார் கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்கள். அவர்கள் தங்கிய இடத்தின் நினைவு இன்றும் சிப்பாய் லைன்ஸ் சாலை என்ற பெயரில் நிற்கிறது. மற்றொரு கூட்டத்தார் தீவாந்தர தண்டனை பெற்ற கைதிகள். 1790களிலிருந்து அனுப்பப்பட்ட இவர்களே தீவின் சாலைகளையும் பாலங்களையும் அரசுக் கட்டடங்களையும் உழைத்து உருவாக்கினர், இம்முறை 1873இல்தான் முற்றிலும் நின்றது. வணிகர், சிப்பாய், கைதி என்ற இம்மூவரும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு நிலையினராயினும், முஹர்ரம் பிறந்ததும் ஒரே தெருவில் ஒரே முழவொலிக்கு நடந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வாறு வந்த ஆண்களுள் பலர் அங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழிப் பிறந்த மக்கள் ஜாவி பெரனாக்கான் என்றும் ஜாவி பெக்கான் என்றும் அழைக்கப்பட்டனர். தந்தை வழியில் தென்னிந்திய முஸ்லிம் பெயரும், தாய் வழியில் மலாய் மொழியும் உடைய இச்சமூகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பினாங்கில் எழுத்தர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் வணிகர்களாகவும் செல்வாக்குப் பெற்றது. போரியாவை வளர்த்த கைகளுள் பெரும்பாலானவை இவர்களுடையவை. ஹெலன் ஃபுஜிமோட்டோ 1980களின் இறுதியில் வெளியிட்ட, பினாங்குத் தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தைப் பற்றிய ஆய்வு இம்மக்களின் வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. தமிழில் அதற்கிணையான நூல் எழுதப்பட வேண்டிய தேவை இன்னும் தீரவில்லை.

இனி, வணிகரும் சிப்பாயும் கைதியும் கொண்டுசென்ற முஹர்ரம் எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். கி.பி. 680இல் கர்பலாக் களத்தில் நபிகளாரின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதன் நினைவாக அனுசரிக்கப்படும் துக்கநாள், தக்காணத்திலும் தமிழகத்திலும் ஷியா முஸ்லிம்களின் எல்லையைத் தாண்டி, சுன்னி முஸ்லிம்களும் இந்துக்களும் பங்குகொள்ளும் பெருவிழாவாக மாறியிருந்தது. அன்றைய சென்னை மாகாணத்து ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் எழுத, சென்னைப் படைப்பிரிவின் மருத்துவரான ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கி 1832இல் இலண்டனில் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ என்ற நூல் இவ்விழாவை நாள்தோறும் நிகழ்ந்தவாறு விவரிக்கிறது. பஞ்சா எனப்படும் கைவடிவக் கொடிச்சின்னங்கள் நிறுத்தப்படுவதும், அவற்றுக்கு முன்னே அலாவா என்ற தீக்குழி தோண்டப்படுவதும், மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் செய்த தாபூத்து எனும் கல்லறை மாதிரி ஊர்வலமாக எடுத்துச்செல்லப்பட்டு நீரில் விடப்படுவதும் அதில் கூறப்பட்டுள்ளன. இவ்வாய்வுக்கு மிக வேண்டியது அந்நூலில் வரும் முஹர்ரம் ஃபக்கீர்களின் பட்டியல்: நேர்ந்துகொண்டோ விளையாட்டாகவோ ஃபக்கீர் கோலம் பூண்ட இளைஞர்கள் மஜ்னூனாகவும் புலியாகவும் வேறு பல வேடங்களிலும் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு, ஒவ்வொரு கூட்டமும் தனக்கென உரிய உடையும் பாட்டும் தலைவனும் உடையதாய், வீடு வீடாகச் சென்று காசு பெற்றனர். பின்னாளில் பினாங்கில் காணப்படும் போரியாக் குழுவின் உருவரை ஏறத்தாழ முழுமையாக இங்கேயே தீட்டப்பட்டிருக்கிறது.

இவ்விழாவின் எச்சங்கள் தமிழகத்தில் இன்னும் மறைந்துவிடவில்லை. தஞ்சை மாவட்டத்துக் காசவளநாடு புதூரில் இந்துக்களே அல்லாசாமி என்று பஞ்சாவை வைத்து வணங்கித் தீமிதிக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்து முதுவன்திடலில் பாத்திமா நாச்சியாருக்காகப் பூக்குழி இறங்குகின்றனர். வட ஆர்க்காட்டுப் பகுதி நகரங்களில் முஹர்ரமுக்குப் புலி வேடம் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வேடமும் நேர்த்தியும் தீயும் ஊர்வலமுமாக இருந்த இந்தப் பண்டிகை, மாரியம்மன் கோயில் விழாக்களையும் தர்கா சந்தனக்கூட்டையும் அறிந்திருந்த தமிழ் நாட்டாருக்கு அயலானதாகத் தோன்றியிருக்க முடியாது. சென்னைப் படையின் பாளையங்களில் இது இன்னும் பெரிதாக நடந்தது. அப்படையில் முஸ்லிம்களோடு தமிழரும் தெலுங்கரும் கலந்து பணியாற்றினர். பட்டாளத்தின் பொது மொழி இந்துஸ்தானி. விழா நாள்களில் சிப்பாய்களுக்கு விடுப்பு உண்டு.

அப்படையின் பிரிவுகள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு முறைவைத்து அனுப்பப்பட்டன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்ற மூன்று துறைமுகங்களும் 1826இல் ஒரே நிர்வாகமாக்கப்பட்டு, 1867 ஏப்ரல் முதல் நாள் வரை இந்திய அரசின் கீழ் இருந்தமையால், அங்கே காவல் காத்த துப்பாக்கிகள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தவையே. மலாக்காவை அடுத்த நானிங்கில் 1831இல் நடந்த போரிலும் சென்னைச் சிப்பாய்களே முன்னிறுத்தப்பட்டனர். சென்னைக் காலாட்படையின் 21ஆம் பிரிவு 1845இல் பினாங்குக்கு வந்தபோது அதன் முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் பத்து நாளும் விடுப்புப் பெற்று, பாயும் கந்தையும் போன்ற எளிய உடையில் கூட்டமாகப் பாடிக்கொண்டு வீடுகளுக்குச் சென்றனர் என்பதும், அதைக் கண்ட ஊர் இளைஞர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் தாமும் குழு சேர்த்தனர் என்பதும் போரியாவின் தோற்றம் குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இவ்வாண்டை ஒரு தொடக்கப் புள்ளியாக ஏற்பதில் தவறில்லை. ஆனால் சூலியரும் கைதிகளும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தீவில் இருந்தவர்கள் என்பதையும், முஹர்ரம் ஊர்வலம் அவர்களுக்குப் புதிதன்று என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, 21ஆம் பிரிவு வெற்று நிலத்தில் விதைத்தது என்று கொள்வதைவிட, முன்பே உழப்பட்டிருந்த நிலத்துக்கு ஒரு புதிய விதையைக் கொண்டுவந்தது என்று கொள்வதே பொருந்தும்.

கம்பெனியின் படையும் கைதிக் கப்பலும் ஒப்பந்தக் கூலிமுறையும் சென்ற இடமெல்லாம் முஹர்ரமும் சென்றது என்பது உலக வரலாறு. சுமத்திராவின் பெங்கூலுவில் அது தாபோத் என்றும், பரியாமானில் தாபூயிக் என்றும் இன்றுவரை நடக்கிறது. டிரினிடாடில் ஹோசே என்ற பெயரில் நடந்த ஊர்வலத்தின் மீது 1884 அக்டோபரில் அரசுக் காவலர் சுட்டதில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் பலர் இறந்தனர். இவ்விடங்களிலெல்லாம் நிலைத்தது தாபூத்து. அதைச் செய்வதும் சுமப்பதும் கடலில் விடுவதுமே விழாவின் உயிராயின. பினாங்கிலோ தாபூத்து மறைந்தது. அதைச் சுற்றி ஆடிய வேடக் கூட்டமும் அதன் பாட்டும் தங்கின. ஒரே விழா வெவ்வேறு துறைமுகங்களில் வெவ்வேறு உறுப்பைக் காத்துக்கொண்ட இந்நிகழ்ச்சி, பினாங்கில் மட்டும் ஏன் வேடக் கூட்டம் பிழைத்தது என்ற வினாவை எழுப்புகிறது. விடையின் ஒரு பகுதி அந்நகரின் தெருக்களில் இருக்கிறது.

ஜார்ஜ் டவுனின் மலாய், ஜாவி பெரனாக்கான் மக்கள் கம்பம் எனப்படும் குடியிருப்புகளாகப் பிரிந்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கம்பங்களின் ஆடவர், வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரு சங்கங்களாக அணிதிரண்டிருந்தனர். முஹர்ரம் ஊர்வலத்துக்காகவும் இறப்பு, திருமண உதவிக்காகவும் தோன்றிய கூட்டங்களே இச்சங்கங்களாக வளர்ந்தன என்பது, 1867 ஆகஸ்டில் பினாங்கை ஏறத்தாழ பத்து நாள் உலுக்கிய கலவரத்தை விசாரித்த ஆணையத்தின் 1868ஆம் ஆண்டு அறிக்கை வழி அறியப்படுகிறது. சீனர்களின் இரு இரகசியச் சங்கங்களான கீ ஹின், தோ பே கோங் ஆகியவற்றுக்கிடையே மூண்ட அக்கலவரத்தில், வெள்ளைக் கொடியார் கீ ஹின்னோடும் சிவப்புக் கொடியார் தோ பே கோங்கோடும் சேர்ந்து நின்றனர். சிவப்புக் கொடியின் முதன்மையானவர்களுள் ஒருவரான சையது அலத்தாஸின் மாளிகை ஆர்மீனியன் தெருவில் இன்றும் நிற்கிறது.  1869இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் வந்தது. சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, ஆனால் வெள்ளை, சிவப்பு என்ற வேறுபாடு கம்பங்களின் மனத்திலிருந்து நீங்கிவிடவில்லை. வெளிப்படையாகத் திரள முடியாத இளைஞர்களால், ஆண்டுக்குப் பத்து நாள் வேடமிட்டுப் பாடித் திரள முடிந்தது. வாளுக்கு மாறாகப் பாட்டில் மோதிக்கொள்ளும் வழியை போரியா தந்தது. எப்போதும் பாட்டோடு நின்றது என்று சொல்வதற்கில்லை, குழுக்கள் தெருவில் எதிர்ப்பட்டுக் கைகலந்த நிகழ்ச்சிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உண்டு.

இக்குழுக்களின் உள்ளமைப்பு சற்று விரிவாக நோக்கத்தக்கது. குழுவின் உயிர்நாடி துக்காங் காராங் எனப்படுபவர். செய்யுள் கட்டுபவர் என்பது இப்பெயரின் பொருள். பாடுபவரும் அவரே, சில சமயம் நின்ற நிலையிலேயே புனைந்து பாடுபவரும் அவரே. அவர் பாடும் செய்யுள் நான்கு அடிகளால் ஆனது. நான்கடியும் ஒரே இயைபில் முடிய வேண்டும் என்பது கட்டளை. மலாய்ப் பந்துன் பாடலில் ஒன்றும் மூன்றும் ஒரு வகையாகவும், இரண்டும் நான்கும் மற்றொரு வகையாகவும் இயைய, போரியாவில் நான்கும் ஒரே இயைபாக நிற்கும். ஒரு பொருளைப் பற்றிப் பதினைந்து, இருபது செய்யுள் வரை தொடர்ந்து இயைபு மாற்றி மாற்றிப் பாடும் துக்காங் காராங்கின் சொல்வளம் ஊரில் பேசப்பட்டது. அவருக்குப் பின்னே நிற்போர் செக்குத்து எனப்படும் பின்பாட்டுக்காரர்கள். அவர்கள் திரும்பத் திரும்பப் பாடும் செய்யுள் அவ்வாண்டுக்கு அக்குழு தேர்ந்துகொண்ட வேடத்தை அறிவிக்கும்: மாலுமிகள் என்றால் மாலுமிகள், அரபுகள் என்றால் அரபுகள், துருக்கிப் படைவீரர் என்றால் துருக்கிப் படைவீரர். தமிழ் ஒயிலாட்டத்தில் வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்க வரிசையாக நின்றவர்கள் வாங்கிப் பாடியாடும் முறையை அறிந்தவருக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. இவ்வொற்றுமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவுகட்டுவது தகாது. தலைவன் புனைய, கூட்டம் மீட்டுப் பாடும் முறை உலகின் பல மக்களிடமும் உண்டு. ஆயினும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த சிப்பாய்க்கும் சூலியருக்கும் அது கைப்பழக்கமான முறை என்பதை மறுக்க வேண்டுவதில்லை.

வேடம் ஆண்டுதோறும் மாறும். அது இன்னதென்று முஹர்ரம் பிறக்கும் வரை வெளியே சொல்லப்படுவதில்லை. எதிர்க் கம்பத்தார் அறிந்துகொண்டு அதையே முந்தித் தைத்துவிடக் கூடாது என்பது கவலை. இரவில் விளக்குகளோடு குழு புறப்படும். செல்வர் ஒருவரின் வீட்டு முற்றத்தை அடைந்ததும் வரிசை பிடித்து நிற்பர். வயலினும், மர்வாஸ் எனும் சிறு கைப்பறையும், தாளமும் ஒலிக்க, முதலில் கூத்து நடக்கும்: முதலாளியிடம் சம்பளம் கேட்கும் வேலைக்காரன், ஏமாறும் காவலன், இல்லாத நோய்க்கு மருந்து விற்கும் வைத்தியன் என அன்றாட வாழ்க்கையின் மனிதர்களே அதில் வருவர், பெண் வேடமும் ஆடவரே போடுவர். அதன் பின் துக்காங் காராங் முன்வந்து, வீட்டுக்காரரின் பெயரையும் குலத்தையும் ஈகையையும் இயைபில் பொருத்திப் பாடுவார். பணமும் சிற்றுண்டியும் வரும். குழு அடுத்த வீட்டுக்கு நகரும். பத்து இரவு இவ்வாறு கழிந்தபின் சேர்ந்த பணத்தில் குழுவினர் விருந்துண்பதும் உண்டு. 1920இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் ஏ. டபிள்யூ. ஹாமில்டன் போரியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆங்கிலேயர் தனிக்கட்டுரை எழுதும் அளவுக்கு அது நகரின் கண்ணில் நிறைந்த காட்சியாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இவ்வமைப்பில் எந்த உறுப்பும் குறிப்பிட்ட மொழியையோ வழிபாட்டையோ சார்ந்திருக்கவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அதற்கு வேண்டியவை ஒரு கம்பம், ஒரு செய்யுள் வல்லார், உடை தைக்கப் பணம், பாட்டைக் கேட்டுப் பரிசளிக்கும் ஒரு முற்றம், தோற்றுவிடக் கூடாது என்று எண்ணத்தக்க ஓர் எதிர்க் குழு. இவை இருந்தவரை மொழி மாறலாம். அவ்வாறே மாறியது. தொடக்கத்தில் இந்துஸ்தானிப் பாட்டுகள் பாடப்பட்டன என்பர்; தாய்மொழி மலாயாகிவிட்ட ஜாவி பெரனாக்கான் இளைஞர்கள் தலையெடுத்தபின் இடையிடையே வந்த மலாய் அடிகள் பெருகி, பாட்டு முழுவதும் மலாயாயிற்று. கர்பலாவைக் குறித்த செய்யுள் குறைந்தது. ஊர்ச் செய்தியும் கேலியும் வாழ்த்தும் அவ்விடத்தை நிரப்பின. இதே மக்களிடமிருந்துதான் பாங்சாவான் என்ற மலாய் நாடக மேடையும் எழுந்தது: பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடியதைக் கண்டு, மாமாக் புஷி என்ற ஜாவி பெரனாக்கான் வணிகர் 1885இல் தம் குழுவை அமைத்தார். இந்தியக் கலையைப் பெற்று மலாயில் பெயர்த்துத் தருவது அச்சமூகத்தின் இயல்பான தொழிலாகவே அமைந்துவிட்டது.

போரியாவைக் கடுமையாக எதிர்த்தவர்களும் அச்சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்தனர். ‘போரியாவும் அதன் கேடும்’ என்று பொருள்படும் மலாய் நூல் 1922இல் பினாங்கில் வெளியாயிற்று. அதை எழுதிய முகமது யூசுப்பின் தந்தை பெயர் சுல்தான் மைதீன் என்பதே அக்குடும்பத்தின் வேர் எங்கிருந்தது என்பதைக் காட்டிவிடும். துக்கத்துக்குரிய நாளைக் கேளிக்கையாக்குவது மார்க்கத்துக்கு முரண், உழைத்த பணம் ஒரு பத்து நாள் உடைக்கும் ஆட்டத்துக்கும் கரைகிறது, குழுச் சண்டையில் குடும்பங்கள் கெடுகின்றன என்பன அக்காலச் சீர்திருத்தர்கள் எழுப்பிய குற்றச்சாட்டுகள். பினாங்கு அப்போது மலாய் முஸ்லிம் சீர்திருத்தத்தின் தலைமையிடமாக வளர்ந்துகொண்டிருந்தது. சையது ஷேக் அல்ஹாதி 1927இல் ஜெலுத்தோங் அச்சகத்தையும் அடுத்த ஆண்டில் ‘சௌதாரா’ இதழையும் அங்கே தொடங்கினார். சீர்திருத்தரின் கவலை பொய்யன்று. ஏழைக் கம்பங்களில் ஒரு தையற்கூலியும் கடனே. எனினும் பின்னோக்கிப் பார்க்கையில், போரியாவை அழிக்க எழுந்த அவ்வெதிர்ப்பே அதைக் காப்பாற்றியது என்று சொல்ல இடமுண்டு. முஹர்ரமிலிருந்து அதைக் கழற்றிவிட்டதனாலேயே, பின்னர் மார்க்கத் தடையின்றி எந்நாளிலும் ஆடப்படும் கலையாக அது தொடர முடிந்தது.

இங்கே வேறொரு சமூகத்தின் ஆட்ட வரலாற்றை ஒப்பிடுதல் பயன் தரும். உக்ரேனிய நாட்டார் ஆட்டங்களை, 1921இல் போலந்தின் கலீஷ் முகாமில் அடைபட்டிருந்த உக்ரேனியப் படைவீரர்க்குக் கற்பிக்கத் தொடங்கிய வசில் அவ்ரமென்கோ, 1925இல் கனடாவுக்குச் சென்று, அங்குக் குடியேறியிருந்த உழவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் ஊராக வகுப்பு நடத்தினார். அடவுகள் வரையறுக்கப்பட்டன, உடை வரையறுக்கப்பட்டது, சமூகக் கூடங்களும் தேவாலயங்களும் இடம் தந்தன. எட்மண்டனின் ஷும்கா 1959இலும் வின்னிபெக்கின் ருசால்கா 1962இலும் தோன்றி, இன்றும் அச்சமூகத்தின் பெயரோடு ஆடி வருகின்றன. தாய்நாட்டில் தம் அடையாளம் நசுக்கப்பட்டது என்ற உணர்வே அக்குழுக்களை இறுகக் கட்டியது. ஆட்டம் அங்கே ஓர் இனத்தின் உறுதிச்சொல். போரியா அத்தகைய காவலில் வளரவில்லை. அதற்கு அடவுநூல் இல்லை, ஆசான் பரம்பரை இல்லை, தாய்நாட்டை நோக்கிய ஏக்கமும் பாட்டில் இல்லை. அது அண்டை வீட்டாரிடம் கைமாறி வாழ்ந்தது. முதல்வகைக் குழு தன் மக்கள் உள்ளவரை வாழும். இரண்டாம்வகைக் குழு, கொண்டுவந்தவர்களின் பேரர்கள் வேறு மக்களாகிவிட்ட பின்னும் வாழும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழர் வரலாறு எழுதுவோர் முதல்வகையை மட்டுமே தேடுவதால் இரண்டாம்வகை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் போரியாவின் முற்றம் மாறியது. செல்வர் வீடுகளின் இடத்தைப் போட்டி மேடைகளும் வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. வீட்டுக்காரரை வாழ்த்திய செய்யுள், அரசின் திட்டங்களையும் நாட்டின் ஒற்றுமையையும் பாடத் தொடங்கியது. பெண்கள் ஆட்ட வரிசையில் இடம்பெற்றனர். கிட்டாரும் அக்கார்டியனும் சேர்ந்தன. ரஹ்மா புஜாங் 1987இல் வெளியிட்ட ஆய்வு, மலாய் அரங்கின் ஒரு வகையாகவே போரியாவை நிறுவுகிறது. அதே காலத்தில் கம்பங்கள் கலையலாயின. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழில் வளாகம் தொடங்கப்பட்டபின், மாலையில் ஒன்றுகூடிப் பயின்ற இளைஞர்கள் மூன்று வேளைச் சுழற்சிப் பணிக்குச் சென்றனர். நகர நிலத்தின் விலை ஏற, பழைய குடியிருப்புகள் அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 சனவரி முதல் நாளோடு விலக்கப்பட்டதும் நடுநகரில் தலைமுறைகளாக வாழ்ந்த எளிய மக்கள் பலர் வெளியேறினர். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, கட்டடங்கள் காக்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்து குழு சேர்த்த மக்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. வெள்ளைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் பாட்டில் மோதவிட்ட அந்தப் பகைமையின் நிலமும் அதனோடு போயிற்று. இன்றைய குழுக்கள் கம்பத்தின் பெயரால் அன்றி, பயிற்சியாலும் போட்டியாலும் விழா அழைப்பாலும் நிற்கின்றன. துக்காங் காராங் என்ற பொறுப்பு மட்டும் மாறாமல் இருக்கிறது; பாட்டு கட்டத் தெரிந்த ஒருவர் கிடைக்காத குழு இன்றும் மேடையேற முடியாது.

இக்கலையின் தமிழகத் தொடர்பை உறுதியாக எழுத, தமிழறிந்த ஆய்வாளர்க்கு ஏற்ற பணிகள் இரண்டு உள்ளன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் படைத்துறைப் பதிவேடுகளில், நீரிணைக் குடியேற்றங்களுக்கு முறைவைத்துச் சென்று திரும்பிய பிரிவுகளைப் பற்றிய கடிதங்களையும் முஹர்ரம் விடுப்பு ஆணைகளையும் ஆண்டுவாரியாகப் படித்து, பினாங்கு மரபு கூறும் 21ஆம் பிரிவின் வரவோடு ஒத்துப் பார்ப்பது ஒன்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் படைப்போர், கிஸ்ஸா, முனாஜாத்து வகைகளில் கர்பலாவைப் பாடுவனவற்றைத் தொகுத்து, நாகூர், காரைக்கால் பகுதிகளில் முஹர்ரம் கூட்டங்கள் அவற்றை எவ்வாறு பாடின என்பதை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்வது மற்றொன்று. இவ்விரண்டில் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓர் அறக்கட்டளையின் ஓராண்டு ஆய்வு நல்கையே தொடங்கப் போதும். அப்பணி நிறைவேறும் வரை 1845 என்பதை, பினாங்கு தன் போரியாவுக்குத் தானே குறித்துக்கொண்ட பிறந்த ஆண்டாக மதித்து வைத்துக்கொள்வதே முறையாகும்.